சபிதா வாங்கி வைத்துவிட்டுப் போன மெஷின்

துணி ஒன்று கூடுதலாக இருந்தது.

சஜின் வாஷிங் மெஷினுக்குள் கையை விட்டு, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்த தன் கைலிகளையும் அம்மையின் வெள்ளை முண்டுகளையும் தலையணை உறைகளையும் பிரித்துப் பிரித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அடியில், தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நீல நிறத்தில் ஒரு சட்டை விரலில் தட்டுப்பட்டது. அரைக்கை. வெள்ளைக் காலர். பெண்கள் போடுகிற அளவு. அவன் அதை உள்ளே போடவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு சட்டை யாருக்கும் இல்லை.

முகத்தருகே கொண்டுபோனான். அவன் போட்ட சோப்புப்பொடியின் வாசனை அதில் இல்லை. சாம்பிராணி போல, ஆனால் அதைவிடக் கனமாக, ஜன்னல் திறக்காத ஒரு பெரிய வீட்டின் வாசனையும், அதற்கு அடியில் மூக்கைக் குத்துகிற பிளீச்சிங் பவுடரின் நெடியும் இருந்தன. வெளியே ஐப்பசி மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"எம்மா, இது ஆருக்க சட்ட?"

பகவதியம்மாள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கிழங்கையே பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரிக்க ஆயிருக்கும். காத்துல பறந்து வந்திருக்கும்."

"மெஷினுக்குள்ளயா?"

"கொண்டு கொடியில போடு மக்கா. ஆராவது தேடி வருவாவ."

யாரும் தேடி வரவில்லை. மறுநாள் காலையில் கொடியில் சட்டையும் இல்லை. அம்மை எடுத்துக்கொடுத்திருப்பாள் என்று சஜின் நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை.

அந்த மெஷினை அவன் மனைவி சபிதா, வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போவதற்கு முந்தின வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் வாங்கினாள். வெளிநாடு போகிறவர்கள் கொண்டுபோவதற்குச் சாமான் வாங்குவார்கள். சபிதா விட்டுப்போவதற்கு வாங்கினாள். அம்மைக்கு மிக்சி, சஜினுக்கு ஒரு இஸ்திரிப்பெட்டி, இரண்டு பேருக்குமாக இந்த மெஷின்.

கடைக்காரப் பையன் சஜினைப் பார்த்துத்தான் பேசினான். "வீட்டுல எத்தன பேரு அண்ணே?"

சபிதாதான் பதில் சொன்னாள். "இப்ப மூணு பேரு. அடுத்த வாரம் ரெண்டு பேரு."

"அண்ணன் கல்ஃபுக்கா?"

"நானாக்கும் போறேன்."

பையன் சஜினை மறுபடி ஒருமுறை பார்த்தான். சஜின் சுவரில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த டிவிகளைப் பார்த்தான். அவனும் ஒரு தடவை போனவன்தான். பெயிண்டிங் வேலைக்கு. வெயில் தாங்கவில்லை, அறையில் மூட்டைப்பூச்சி, ஃபோர்மேன் கெட்டவார்த்தை சொல்கிறான் என்று கோடை முடியும்முன் திரும்பி வந்துவிட்டான். பாதியில் நின்ற வீடு பாதியிலேயே நின்றது. சுவர் பூசவில்லை, பின்னறைக்குக் கதவு இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மை அவனைப் பார்க்காமல் சபிதாவைப் பார்க்கத் தொடங்கினாள்.

சபிதா மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே கையை நீட்டி, அடிவரை எட்டுகிறதா என்று பார்த்தாள். முழங்கை வரை உள்ளே போனது. "நல்ல ஆழம் உண்டு," என்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவில், அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டே அவனிடம் சொன்னாள். "நீங்க துணி அலக்க மாட்டிய. அலக்குனா நாலு பேரு சிரிப்பாவன்னு சொல்லுவிய. அம்மைக்கு குறுக்கு வலி, குனிய ஆவாது. பின்ன ஆரு பாப்பா? எனக்க எடத்துல இதாவது நிக்கட்டு."

அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது அவனுக்கு மறக்கவில்லை.

பின்னறையில், பூசாத கல் தெரிகிற சுவரோரம் மெஷினை வைத்தார்கள். எதை அமுக்க வேண்டும், பொடி எங்கே போட வேண்டும் என்று அவள் காட்டிக்கொடுத்தாள். அவன் தலையாட்டினான். விமானம் ஏறும் அன்று திருவனந்தபுரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் அதற்குள் வண்டிக்காரனிடம் பேசத் தொடங்கியிருந்தான்.

முதலில் வீடியோவில் கூப்பிடுவாள். முகம் சோர்ந்திருந்தாலும் சிரிப்பாள். பிறகு கேமரா கெட்டுவிட்டது என்றாள். குரல் மட்டும் வந்தது. எப்போதும் ஒரே வரிசையில் ஒரே சொற்கள்.

"சுகமாட்டு இருக்கேன். சாப்பாடு உண்டு. நல்ல ஆளுவ. நீங்க சாப்பிட்டியளா?"

பின்னால் எப்போதும் எங்கேயோ தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்.

அடுத்த தடவை துணி போட்டபோது சஜின் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துத்தான் போட்டான். மெஷின் ஓடி முடிகிற வரை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மழை விட்டிருந்தது. மண்டைக்காட்டுக் கடலின் இரைச்சல் தென்னைகளுக்கு மேலாக வந்தது. மெஷின் வலப்பக்கம் சுற்றி, நின்று, மூச்சு வாங்குவது போல ஒரு கணம் பொறுத்து, இடப்பக்கம் சுற்றியது. அந்தப் பொறுக்கிற கணம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீள்வது போல அவனுக்குத் தோன்றியது.

மூடியைத் திறந்தான். நீலச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது.

இந்த முறை ஒரு கை தோளோடு கிழிந்திருந்தது. முதுகில் பழுப்பாக ஒரு கருகல். அகலமாகத் தொடங்கி முனையில் கூர்ந்தது. சஜின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு எதற்கு என்று தெரியாமலே முன்னறைக்குப் போய், சபிதா வாங்கித் தந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்துவந்து கருகலின் மேல் வைத்தான். சரியாகப் பொருந்தியது. துணி முழுதும் பொசுங்கி ஓட்டை விழவில்லை. வெறும் துணியாகக் கிடந்திருந்தால் விழுந்திருக்கும். சட்டைக்குள் ஒரு முதுகு இருந்து அதைத் தாங்கியிருக்கிறது.

பெட்டியைக் கீழே வைத்தான்.

அன்று சாயங்காலம் சபிதா கூப்பிட்டாள். சுகமாட்டு இருக்கேன். சாப்பாடு உண்டு. நல்ல ஆளுவ.

"ஏட்டி, ஒனக்கு அங்க யூனிஃபார்ம் உண்டா?"

"உண்டு."

"என்ன நெறம்?"

தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீலம். காலரு மட்டும் வெள்ள. எதுக்கு கேக்குதிய?"

சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்தில் யாரோ நிற்பது போல, அவள் மூச்சோடு இன்னொரு மூச்சும் சேர்ந்து வருவது போல அவனுக்குக் கேட்டது.

"சும்மா கேட்டேன்," என்றான்.

"செரி," என்றாள் சபிதா. அந்தச் சொல் அவளுடைய வழக்கமான வரிசையில் ஒருபோதும் வந்ததில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

மறுநாள் சட்டையை ஒரு நெகிழிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கருங்கல் டவுனுக்குப் போனான். சபிதாவை அனுப்பிவைத்த ஏஜென்ட் ஷிபுவின் ஆபீஸ் அங்கே ஒரு பேக்கரிக்கு மேல் இருந்தது. ஷிபு சட்டையை விரித்தான். காலருக்குள் தைத்திருந்த சீட்டில் அரபி எழுத்தைப் பார்த்தான். முதுகுப் பக்கம் திருப்பினான். சட்டென்று மடக்கி மேசையில் வைத்தான்.

"இது ஒனக்கு எங்கேருந்து?"

"வீட்டுலதான் கெடந்தது."

"பார்சல் வந்துதா?"

"இல்ல."

ஷிபு எழுந்து போய் மூலையிலிருந்த குழாயில் கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டே, முகம் பாராமல் பேசினான். "அவ சுகமாட்டுதான் இருக்கா. அந்த வீட்டுக்காரர்ட்ட நேத்தும் பேசினேன்."

"எனக்கு வீடியோல அவள பாக்கணும்."

"ரெண்டு வருசத்துக்கு ஒப்பு வச்சிருக்கு. எடையில கூப்பிட்டா பாஸ்போர்ட்டு கிட்டாது. நீ அங்க போயி பாத்தவந்தானலே? ஒன்னால முடியாத்ததத்தான் அவ செய்யுதா. நீ பேசாம இரு."

சஜின் எழுந்தான். சட்டையை எடுக்காமலே படியிறங்கினான். மறந்து விடவில்லை. மேசையில் அது கிடப்பதைப் பார்த்தும் விட்டுவிட்டுத்தான் வந்தான். பஸ்ஸில் வரும்போது மடியில் பாரம் இல்லாதது சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததே என்று உறைத்ததும் தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தான்.

அன்றே மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி அதன் தலையில் வைத்தான். இனி இது வேண்டாம், கிணற்றடியில் நானே அலக்குகிறேன் என்று அம்மையிடம் சொன்னான். ஆனால் அவன் அலக்கவில்லை. அழுக்குத் துணி மூலையில் குவிந்தது. மழையில் எதுவும் காயாது, அலக்கி என்ன பயன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீடெல்லாம் ஈரப்பூசணத்தின் வாடை. அதற்குள்ளிருந்து அவ்வப்போது, யாரோ கதவைத் திறந்து மூடியது போல, அந்தக் கனத்த புகைவாசனையும் பிளீச்சிங் நெடியும் ஒரு கணம் வந்து போகும்.

மழை வெறித்த ஒரு பகலில், விழுந்த தென்னமட்டையை இழுத்துப் போடக் கொல்லைக்குப் போனான். வாழைமூட்டின் அருகே அம்மை குப்பை கொளுத்துகிற குழி. மழை சாம்பலைக் கரைத்திருந்தது. சாம்பலுக்குள் வெள்ளையாக ஏதோ பளபளத்தது. குனிந்தான். சட்டைப் பொத்தான்கள். பாதி உருகியவை, உருகாதவை, ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. காலால் கிளறினான். நீலத் துணியின் கருகிய விளிம்புகள் அடுக்கடுக்காக, மேலே புதியவையும் கீழே மட்கத் தொடங்கியவையுமாக வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு ஒரு மாதத்தில் சேராது. அவள் போன நாளிலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன.

உள்ளே வந்தான். பகவதியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா. ஒங்களுக்குத் தெரியுமா?"

முறம் நின்றது.

"மொதல்ல சட்ட மட்டும்தான் வந்துது," என்றாள். அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்வது போன்ற குரல். "நல்ல சட்ட. அழுக்கு கூட இல்ல. பொறவுதான் கறை பட்டு வரத் தொடங்கிச்சு. நீ பாக்காண்டாம்னு நான் முந்தி எடுத்துருவேன். அன்னைக்கு எனக்கு குறுக்கு வலி, எழும்ப முடியல்ல. நீ போயி மெஷின தொறந்துட்ட."

"எங்கிட்ட சொல்லல்லயே."

"சொன்னா என்ன செய்வ? போயி கூட்டிட்டு வருவியா?"

அவன் முறத்தையே பார்த்தான்.

"அவளே சுகமாட்டு இருக்கேன்னு சொல்லுதா. அவ வாயாலதான் சொல்லுதா. நாம எதுக்கு வேற நெனைக்கணும்? வீடு இப்பிடி பல்ல இளிச்சிட்டு நிக்குது மக்கா. ஒரு ரெண்டு வருசம். பொம்பளைக்கு எதயும் தாங்கத் தெரியும். நானும் தாங்கினவதான்."

அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். சஜின் சுவரில் சாய்ந்து நின்றான். பூசாத கல் முதுகில் குத்தியது. கத்த வேண்டும் என்று இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. தான் மட்டும் இல்லை. தெரிந்தும் பேசாமலிருக்க இன்னொரு ஆளும் உண்டு.

அதன்பிறகு சபிதா கூப்பிடவில்லை. அவள் வழக்கமாகக் கூப்பிடுகிற ஒரு வெள்ளிக்கிழமை கழிந்தது. இன்னொன்றும் கழிந்தது. அவன் கூப்பிட்டால் மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். ஷிபுவின் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பொடிமழை பிடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் இருவரும் சாப்பிட்டார்கள், படுத்தார்கள், எழுந்தார்கள். பின்னறைப் பக்கம் இருவரும் போகவில்லை.

அன்றைக்கு மத்தியானமே வெளிச்சம் மங்கிவிட்டது. மழை இறங்குமுன் வருகிற அசையாத புழுக்கம். சஜின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். முதலில் அதை மழை என்றுதான் நினைத்தான். தண்ணீர் விழும் சத்தம். பாத்திரத்தில் அல்ல, தரையில் அல்ல, ஆழமான எதற்குள்ளோ நிறைந்துகொண்டு வருகிற சத்தம். கூரையைப் பார்த்தான். மழை இல்லை. பிறகு சத்தம் நின்றது. ஒரு கணம் பொறுத்தது. சுற்றத் தொடங்கியது.

எழுந்து வந்தான். அடுக்களையில் அம்மை அடுப்புக்கு முன்னால் குத்தவைத்திருந்தாள். அடுப்பில் தீ இல்லை.

"ஆரு போட்டது?"

"நான் போடல்ல மக்கா."

பின்னறைத் தரையில் தண்ணீர் பரவியிருந்தது. வெதுவெதுப்பாகக் கால்விரல்களுக்கிடையே ஏறியது. அந்த நெடி கண்ணைக் கரித்தது. மெஷின் வலப்பக்கம் சுற்றியது. உள்ளே ஏதோ கனமானது சுவரில் மோதியது. நின்றது. இடப்பக்கம் சுற்றியது. மறுபடி மோதியது. துணி மோதும் சத்தமல்ல. வயர் அவன் சுருட்டி வைத்த இடத்திலேயே, மூடியின் மேல், பிளக்கோடு இருந்தது. மெஷின் அதிர அதிர அது நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து, கீழே தண்ணீரில் விழுந்தது.

மெஷின் நின்றது.

அதே கணம் அவன் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. சபிதா.

காதில் வைத்தான். அந்தப் பக்கம் பேச்சில்லை. தண்ணீர் தளும்புகிற சத்தம். அடங்கிக்கொண்டு வருகிற தளும்பல். ஒரு காதில் ஃபோனிலிருந்து கேட்டான். மறு காதில் அதே தளும்பல், அதே தாளத்தில், அவனுக்கு முன்னால் மூடிக்குக் கீழே.

"சபிதா?"

"சுகமாட்டு இருக்கேன்."

மூடியைத் தூக்கினான்.

தண்ணீர் விளிம்பு வரை நின்றது. கறுப்பாக இருந்தது. பிறகு அது தண்ணீரின் நிறமல்ல என்று தெரிந்தது. முடி. நீளமான முடி. தொட்டி நிறைய, கடைசிச் சுற்றலின் வேகத்தில் இன்னும் மெல்ல வட்டமிட்டுக்கொண்டு. அதனடியில் நீலம். வெள்ளைக் காலர். முடி விலகியது. நடுவில் ஒரு நெற்றி மேலே வரத் தொடங்கியது.

அவன் பின்னால் சாய்ந்தான். மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. சுவரில் போய் மோதினான். ஃபோன் அவன் கையிலிருந்து போனது. விழவில்லை. அம்மை வாங்கியிருந்தாள்.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தண்ணீரில் முண்டு நனைய நின்றாள். ஒரு கையால் ஃபோனைக் காதில் வைத்தாள். மறு கையை மெஷினின் மூடி மேல் விரித்து வைத்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கினாள்.

உள்ளிருந்து தட்டியது. ஒரு முறை. பொறுத்து, இன்னொரு முறை.

"ஆமா மக்கா," என்றாள் பகவதியம்மாள் ஃபோனில். குரல் நடுங்கவில்லை. "இஞ்ச எல்லாரும் சுகம். சாப்பாடு ஆச்சு."

மூடி அவள் கைக்கடியில் எழும்பியது. ஒரு விரற்கடை அளவு. இடுக்கு வழியே தண்ணீர் வழிந்தது. வெளுத்து ஊறிச் சுருங்கிய நான்கு விரல் நுனிகள் இடுக்கில் வந்து விளிம்பைப் பற்றின. நகங்களின் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. பகவதியம்மாள் இன்னும் அழுத்தினாள். ஒற்றைக் கை போதவில்லை. திரும்பி மகனைப் பார்த்தாள்.

கெஞ்சவில்லை. அதட்டவில்லை. சோற்றுப்பானையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பது போலத்தான் பார்த்தாள்.

சஜின் சுவரை விட்டு நகர்ந்தான். தண்ணீரில் ஒரு அடி வைத்தான். கதவில்லாத நிலை இடப்பக்கம் இருந்தது. அதற்கப்பால் கொல்லை, வாழை, வெளி, ரோடு. மழை அப்போதுதான் இறங்கியது. அவன் மெஷினுக்கு வந்தான்.

இரண்டு கையையும் மூடியில் வைத்தான்.

அழுத்தினான்.

விரல்கள் சற்றுநேரம் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக விட்டன. மூடி படிந்தது. உள்ளே தண்ணீர் அசைந்தது. ஏதோ ஒன்று அடியிலிருந்து மூடியைத் தடவித் தடவி, தேடித் தேடி வந்து, சரியாக அவன் உள்ளங்கை இருந்த இடத்தில் நின்றது. பிளாஸ்டிக்குக்கு அப்பால், அதே அளவில், ஒரு உள்ளங்கை. சூடாக இருந்தது. தள்ளவில்லை. தட்டவில்லை.

அம்மையின் காதிலிருந்த ஃபோனிலிருந்து, மழைச்சத்தத்துக்கு மேலாக, அவனுக்கும் தெளிவாகக் கேட்டது.

"நீங்க சாப்பிட்டியளா?"